எடுப்பது குற்றமல்ல, மறைப்பதே குற்றம்

(கல்வி பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பினாங்கு ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை அறியாதவர் குறைவு. ஒரு முனையில் புனித ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளிச் சீனர்களின் கருணைத் தேவி கோயில். அடுத்து, குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்தின் பின்புறம். அதையும் கடந்தால் பள்ளிவாசல். இடையிடையே நாணய மாற்றுக் கடைகள், நகைக் கடைகள், நாசி கண்டார் கடை. 2008 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தபோது, அந்தப் பெருமையில் இந்தச் சாலைக்கும் பெரிய பங்கு இருந்தது.

பல்கலைக்கழக முதலாண்டு மாணவி ஒருத்தியிடம் இந்தச் சாலையின் வரலாற்றைப் பத்துப் பக்கம் எழுதி வரச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குக் கணினியைத் திறக்கிறாள். சாலையின் பெயரைத் தட்டுகிறாள். சுற்றுலாத் தளம் ஒன்றிலிருந்து மூன்று பத்தி, கலைக்களஞ்சியத்திலிருந்து நான்கு பத்தி, யாரோ எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து இரண்டு பக்கம் என்று சேர்க்கிறாள். பன்னிரண்டு மணிக்குள் வேலை முடிந்துவிடுகிறது. எழுத்துருவைச் சீராக்கி, அட்டையில் தன் பெயரைப் போட்டு நிம்மதியாக உறங்கப் போகிறாள்.

அடுத்த வாரம் விரிவுரையாளர் அழைக்கிறார். கட்டுரைக்குச் சுழியம். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் நிற்க வேண்டும் என்கிறார்கள். அவளுக்கு அழுகை வருகிறது. "இதில் என்ன தப்பு? எல்லாரும் பார்க்கிற இணையத்தில் இருப்பதைத்தானே எடுத்தேன்? பள்ளிக்கூடத்தில் இப்படித்தானே எழுதினோம்?" என்று கேட்கிறாள்.

அந்தப் பெண் கற்பனைதான். ஆனால் அவள் கேட்கும் கேள்வி கற்பனையல்ல. தோட்டத்திலிருந்தும் அடுக்குமாடி வீட்டிலிருந்தும் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைக்கும் நம் பிள்ளைகள் பலர் கேட்கக்கூடிய கேள்வி அது. அதற்கு அதட்டலைப் பதிலாகத் தந்தால் போதாது. விளக்கம் தர வேண்டும்.

பன்னிரண்டில் பாராட்டு, இருபதில் தண்டனை

அவள் கேட்டதில் ஓர் உண்மை உண்டு. தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதக் கற்றுத் தரும்போது மாதிரிக் கட்டுரை நூல்களைக் கையில் கொடுக்கிறார்கள். 'நான் ஒரு பேனா' என்ற கட்டுரையின் தொடக்கத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, 'நான் ஒரு குடை' என்ற கட்டுரைக்கும் அதையே எழுதுகிறது. ஒரே வகுப்பில் முப்பது பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தில் தொடங்கி ஒரே பழமொழியில் முடிக்கிறார்கள். நல்ல மதிப்பெண் கிடைக்கிறது, பெற்றோருக்கும் மகிழ்ச்சி. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்து செய்யப்பட்டுவிட்டது. அது விட்டுச் சென்ற மனப்பாடப் பழக்கம் இன்னும் முழுமையாக விடைபெறவில்லை.

மொழியைப் பழகும் வயதில் நல்ல எழுத்தைப் பார்த்து எழுதுவதில் குற்றமில்லை. கையெழுத்துப் பயிற்சியே அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் 'இது இன்னார் எழுதியது, நீ பயிற்சிக்காக எழுதுகிறாய்' என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பன்னிரண்டு வயதில் பாராட்டிய அதே செயலுக்கு இருபது வயதில் தண்டனை கொடுக்கிறோம். இடையில் விதி மாறிவிட்டதை யாரும் அவனுக்கு அறிவிக்கவில்லை.

ஆள் கடத்தல் என்ற பொருள்

தமிழில் இதைக் கருத்துத் திருட்டு என்றும் எழுத்துத் திருட்டு என்றும் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லான பிளேஜியரிசம் இலத்தீனிலிருந்து வந்தது. அந்த மூலச் சொல், பிறருடைய பிள்ளையையோ அடிமையையோ கடத்திச் செல்பவனைக் குறித்தது. முதலாம் நூற்றாண்டு ரோமாபுரிக் கவிஞர் மார்ஷியல், தம் கவிதைகளைத் தன்னுடையவை என்று சொல்லி அரங்கேற்றிய ஒருவரை அந்தச் சொல்லால் சாடினார். அதன் பிறகு அந்தச் சொல் எழுத்துலகத்துக்கு வந்து சேர்ந்தது.

பொருத்தமான சொல்தான். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதில் தவறில்லை, கோயிலுக்குக் கைபிடித்து அழைத்துப் போவதிலும் தவறில்லை. 'இது என் பிள்ளை' என்று பிறப்புச் சான்றிதழ் எடுக்கும்போதுதான் அது கடத்தலாகிறது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. பதிப்புரிமை மீறல் வேறு, எழுத்துத் திருட்டு வேறு. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளரின் உரிமை அவர் வாழ்நாளுக்கும், அவர் மறைந்து 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. தொல்காப்பியருக்கு இன்று பதிப்புரிமை கிடையாது. அவர் சொன்னதை ஒருவர் தன் கண்டுபிடிப்பு என்று ஆய்வேட்டில் எழுதினால் சட்டம் கேட்காது, ஆனால் பல்கலைக்கழகம் கேட்கும். மறுபுறம், இன்று வாழும் எழுத்தாளரின் நாவலை அவர் பெயரோடேயே அனுமதியின்றி முழுவதுமாக அச்சிட்டு விற்றால் அது எழுத்துத் திருட்டாகாது, பதிப்புரிமை மீறல். முன்னதில் ஏமாற்றப்படுபவர் வாசகர். பின்னதில் உரிமை இழப்பவர் எழுத்தாளர்.

தமிழ் மரபு என்ன சொல்கிறது?

'மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த வழக்கம்' என்று சிலர் சொல்வதுண்டு. தமிழ் இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. தொல்காப்பிய மரபியல், நூல்களை முதல் நூல், வழி நூல் என்று பிரிக்கிறது. பிறர் நூலிலிருந்து பிறக்கும் வழி நூலுக்கு நான்கு வகை சொல்கிறது. விரிந்ததைச் சுருக்கித் தருவது, சுருங்கியதை விரித்துத் தருவது, இரண்டையும் கலந்து தருவது, வேற்று மொழியிலிருந்து மரபு பிறழாமல் பெயர்த்துத் தருவது ஆகியவை அவை. அதாவது, பிறர் நூலிலிருந்து எடுப்பது மதிப்புள்ள வேலையாகவே கருதப்பட்டது. ஆனால் அந்த நூலுக்கு வழி நூல் என்றே பெயர். அது முதல் நூல் என்ற பெயரில் உலவ அனுமதி இல்லை.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளை ஏழாக வகுத்து, மதம் என்று பெயரிடுகிறது. பிறர் சொன்னதை ஒப்புக்கொள்ளலாம். மறுக்கலாம். முதலில் ஏற்பதுபோல் ஏற்றுப் பின்பு விலக்கலாம். இருவர் மாறுபட்டுச் சொல்லும்போது ஒருவர் பக்கம் துணியலாம். பிறர் நூலின் குறையைச் சுட்டலாம். தானே ஒன்றை நாட்டி நிறுவலாம். யாரையும் சாராமல் தன் கொள்கையைச் சொல்லலாம். இன்று ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் 'முன்னாய்வுகள்' என்ற தலைப்பில் மாணவர் செய்ய வேண்டியதும் இதுதான். முன்னோர் சொற்களையே எடுத்தாள்வதையும் நன்னூல் தடுக்கவில்லை, அவற்றைப் போற்றிக் கையாளச் சொல்கிறது. போற்றுபவர் உரியவரை மறைக்க மாட்டார்.

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர் அவர். ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயர்களைத் தம் பதிப்புகளில் நன்றியோடு பதிவு செய்தார். எவ்வளவு உழைத்தும், அத்தனையும் தன்னாலேயே ஆனது என்று அவர் எழுதவில்லை.

ஆக, அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி, எடுப்பது குற்றமல்ல, எடுத்த இடத்தை மறைப்பதே குற்றம் என்பதுதான். திருட்டின் வகைகள் எத்தனை இருந்தாலும், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது. எது என்று பார்த்தால் வகை தானாகப் புரிந்துவிடும்.

ஒரு வாக்கியம், பல திருட்டுகள்

விளக்கத்துக்காக இந்தச் சாலையைப் பற்றியே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆய்வாளர் இப்படி எழுதியிருக்கிறார் என்று கொள்க: 'சூலியா வணிகர்களின் தலைவரான காதிர் முகைதீன் 1801-இல் எழுப்பிய பள்ளிவாசல், கப்பலிலிருந்து இறங்கிய தென்னிந்திய முஸ்லிம்களுக்கு வழிபாட்டுக்கூடமாக மட்டுமின்றி, புதிய ஊரில் உறவைத் தேடிக்கொள்ளும் இடமாகவும் விளங்கியது.'

மாணவி இதை அப்படியே தன் கட்டுரையில் எழுதி, மேற்கோள் குறியும் ஆசிரியர் பெயரும் இல்லாமல் விட்டால், அது முதல் வகை: முழுத் திருட்டு. இங்கே சொல்லும் மறைக்கப்படுகிறது, சொன்னவரும் மறைக்கப்படுகிறார். இதைச் செய்பவர்கள் மாணவர்கள் மட்டும்தானா? இந்தியாவில் நைனித்தால் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இயற்பியலாளர் பி.எஸ்.ராஜ்புத், தம் மாணவரோடு சேர்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்க ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெனாட்டா காலோஷின் 1996-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரியவந்தது. ஸ்டான்போர்டு அறிவியலாளர்கள் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானது. 2003-இல் துணைவேந்தர் பதவி விலகினார்.

இரண்டாவது வகை, சொல்லை மாற்றி வைப்பது. 'எழுப்பிய' என்பதைக் 'கட்டிய' என்றும், 'வணிகர்' என்பதை 'வியாபாரி' என்றும், 'விளங்கியது' என்பதை 'இருந்தது' என்றும் மாற்றிவிட்டால் வாக்கியம் தன்னுடையதாகிவிடும் என்று பல மாணவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். இந்தச் சாலையின் பொற்கொல்லரைக் கேட்டால் விடை கிடைக்கும். ஒருவருடைய சங்கிலியை உருக்கி மோதிரம் செய்தாலும் பொன் அந்த ஒருவருடையதுதான். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்க, மேலே தோலை மட்டும் மாற்றினால், அடியில் ஆசிரியர் பெயரைப் போட்டாலும் அது முழு நேர்மையாகாது. ஏனென்றால் சொல்நடை தன்னுடையது என்று காட்டி வாசகரை நம்பச் செய்கிறது.

மூன்றாவது, ஒட்டுப்போடுவது. நாசி கண்டார் கடையில் தட்டை நீட்டினால் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று நாலைந்து சட்டியிலிருந்து ஊற்றிக் கலந்து தருவார்கள். சாப்பாட்டுக்கு அந்தக் கலவைதான் சுவை. கட்டுரையில் அப்படிச் செய்தால், எந்தக் கருத்து எந்தச் சட்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பத்து நூல்களிலிருந்து பத்து வரி எடுத்துத் தைத்தவர், ஒன்றிலிருந்து நூறு வரி எடுத்தவரைவிட நேர்மையானவர் அல்லர்.

இந்தியாவின் மிகப் பெரிய அறிவியலாளர்களில் ஒருவரான சி.என்.ஆர்.ராவ் கூட ஒருமுறை இதில் சிக்கினார். அவர் பெயரும் சேர்ந்து 2011-இல் வெளியான கட்டுரையின் முன்னுரையில், வேறு ஆய்வாளர்களின் கட்டுரையிலிருந்து சில வாக்கியங்கள் அப்படியே இருந்தன. ஆய்வின் முடிவுகள் சொந்தமானவைதான். ஆயினும் ஆசிரியர்கள் அந்த ஆய்விதழிலேயே மன்னிப்புக் கேட்டார்கள். முன்னுரையை எழுதியவர் குழுவிலிருந்த மாணவர் என்று விளக்கம் தரப்பட்டது. 'முன்னுரைதானே' என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு இது பாடம். கட்டுரையில் பெயர் போடும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு என்பது இன்னொரு பாடம்.

மொழி மாறினால் உரிமை மாறுமா?

நான்காவது வகை தமிழ் மாணவர்களுக்கு மிக நெருக்கமானது. ஆங்கிலத்திலோ மலாயிலோ இருப்பதைத் தமிழாக்கித் தன் கருத்தாக எழுதுவது. இந்தச் சாலையைப் பற்றியும் இங்கு வாழ்ந்த சூலியா சமூகத்தைப் பற்றியும் கூ சல்மா நசூதியோன் ஆங்கிலத்தில் 'தி சூலியா இன் பினாங்கு' என்ற விரிவான நூலை எழுதி 2014-இல் வெளியிட்டிருக்கிறார். அதில் ஒரு பகுதியை மாணவி தானே தமிழில் பெயர்த்து எழுதினால், அந்தத் தமிழ் அவளுடைய உழைப்பு. ஆவணக் காப்பகங்களில் தேடிச் சேர்த்த செய்தி அவளுடையது அல்ல. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களில் தமிழிலேயே ஆய்வேடு எழுத வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பு கிடைத்தவருக்கு இந்தப் பொறுப்பும் கூடவே வருகிறது.

மொழி மாறிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பவர்கள் ஹங்கேரி நாட்டைப் பார்க்கலாம். அதன் குடியரசுத் தலைவர் பால் ஷ்மிட், 1992-இல் ஒலிம்பிக் விளையாட்டுகள் பற்றி ஆய்வேடு எழுதி டாக்டர் பட்டம் பெற்றவர். அதன் பெரும்பகுதி பல்கேரிய ஆய்வாளர் ஒருவர் பிரெஞ்சு மொழியில் எழுதியதன் மொழிபெயர்ப்பு என்பதை 2012 ஜனவரியில் ஓர் இதழ் வெளிப்படுத்தியது. மார்ச் மாதம் பட்டம் பறிக்கப்பட்டது. ஏப்ரலில் நாட்டின் தலைவர் பதவியும் போனது. இடையில் 20 ஆண்டுகள் கடந்திருந்தன. ஜெர்மனியின் கல்வி அமைச்சர் அன்னெட்டே ஷாவான் 1980-இல் எழுதிய ஆய்வேட்டுக்காக 2013-இல் பட்டத்தையும் பதவியையும் இழந்தார். அச்சில் ஏறிய எழுத்துக்குக் காலாவதித் தேதி இல்லை.

ஐந்தாவது, கருத்தையும் தரவையும் எடுப்பது. ஒரு வாக்கியம்கூட ஒத்துப்போகாமல் இருக்கலாம். 'பள்ளிவாசல் புதியவர்களுக்கு உறவைத் தேடித் தந்த இடம்' என்ற சிந்தனையும், அதை நிறுவ அந்த ஆய்வாளர் அமைத்த அத்தியாய வரிசையும் எடுக்கப்பட்டிருந்தால், அதுவும் திருட்டே. இதன் தம்பி ஒன்று உண்டு: பிறர் நூலின் அடிக்குறிப்பில் கண்ட பழைய ஆவணத்தைத் தானே காப்பகத்தில் பார்த்ததுபோல் குறிப்பிடுவது. 'இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது' என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் தீர்ந்துவிடும் குற்றம் அது.

ஆறாவது, தன்னிடமே திருடுவது. ஒரு பாடத்துக்குக் கொடுத்த கட்டுரையையே தலைப்பு மாற்றி மற்றொரு பாடத்துக்குக் கொடுப்பது, ஓர் ஆய்வை இரண்டு இதழ்களில் புதியதுபோல் வெளியிடுவது ஆகியவை இதில் அடங்கும். 'என் சரக்கை நான் இரண்டு முறை விற்கக் கூடாதா?' என்று கேட்கலாம். விற்கலாம், பழையது என்று சொல்லி விற்க வேண்டும். ஒரே உழைப்புக்கு இரண்டு முறை மதிப்பெண் வாங்குவதுதான் இங்கே மறைக்கப்படுகிறது.

ஏழாவது, கூலிக்கு எழுதுவிப்பது. பணம் கொடுத்து ஆய்வேடு வாங்குபவர், எழுதியவரின் சம்மதத்தோடுதான் வாங்குகிறார். ஆனாலும் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் ஏமாற்றப்படுகிறது. நாளை அந்தப் பட்டத்தை நம்பி வேலை கொடுப்பவரும், அந்த மருத்துவரிடமோ ஆசிரியரிடமோ போகும் பொதுமக்களும் ஏமாற்றப்படுகிறார்கள். இப்படி எழுதித் தரும் வணிகத்தை ஆஸ்திரேலியா 2020-இலும் இங்கிலாந்து 2022-இலும் சட்டம் போட்டுத் தடை செய்தன.

விழுக்காடு என்னும் மயக்கம்

இன்று பல பல்கலைக்கழகங்கள் டர்னிட்டின் போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. அது கட்டுரையை இணையத்தோடும் தன் களஞ்சியத்தோடும் ஒப்பிட்டு, எத்தனை விழுக்காடு ஒத்திருக்கிறது என்று காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒத்திருப்பது எல்லாம் திருட்டல்ல. முறையாக மேற்கோள் குறியிட்ட வரியையும் அது ஒத்திருப்பதாகவே எண்ணலாம். ஒத்திராதது எல்லாம் நேர்மையும் அல்ல. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய திருட்டும், கருத்துத் திருட்டும், கூலிக்கு எழுதியதும் அதன் வலையில் எளிதில் விழுவதில்லை.

இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் இதற்கென்று தனி விதிமுறைகளை வெளியிட்டது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், மாணவர் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கல்விக்குத் தமிழ்நாடு செல்லும் மலேசிய மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய விதி இது.

விதி தேவைதான். ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. 'எத்தனை விழுக்காடு வரை விடுவார்கள்?' என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கடைக்காரர், 'பத்து வெள்ளிவரை எடுத்தால் கேட்க மாட்டேன்' என்று சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. ஆய்வின் மையக் கருத்து ஒரே வரியில் இருக்கும். அந்த ஒரு வரியைத் திருடினால் விழுக்காடு ஒன்றைக்கூடத் தொடாது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கதை இன்னும் சிக்கலாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பத்துப் பக்கத்தை நிமிடத்தில் தருகிறது. அதை யாரிடமிருந்து எடுத்தது என்று ஒப்பீட்டு மென்பொருள் காட்டாது. அதோடு, இல்லாத நூலை இருப்பதாகவும், எழுதாத ஆசிரியர் எழுதியதாகவும் அது சான்று காட்டிவிடுவதுண்டு. அதைச் சரிபார்க்காமல் ஒட்டும் மாணவர், திருட்டோடு பொய்ச்சாட்சியும் சேர்த்துச் சொல்கிறார். ஒரு சொல்லின் பொருள் கேட்கவும் எழுத்துப்பிழை பார்க்கவும் அதைப் பயன்படுத்தலாமா என்பதைத் துறையின் விதி சொல்லும். விதி எதுவானாலும் பழைய கேள்வி மாறவில்லை: இதைச் செய்தது யார் என்பது வாசகருக்குத் தெரிகிறதா, மறைக்கப்பட்டிருக்கிறதா?

யாருக்கு இழப்பு?

அந்த மாணவிக்குத் திரும்புவோம். அவள் பிடிபட்டால் இழப்பு வெளியே தெரியும். பாடத்தில் தோல்வி, ஒரு பருவம் வீண், சிலருக்கு நீக்கமே கூட நேரும். படிப்பு போனாலும் பி.டி.பி.டி.என். கடன் வீட்டு வாசலில் நிற்கும். பிடிபடாவிட்டாலோ இழப்பு உள்ளே நடக்கிறது. பத்துப் பக்கம் கொடுத்தாள், ஆனால் ஒரு பக்கமும் எழுதக் கற்கவில்லை. அதற்கு மேலும் ஓர் இழப்பு இருக்கிறது. அந்தச் சாலையில் காலை நேரத்தில் பேரணுப்போட்டுக் கடை திறக்கும் பெரியவரிடம் அவள் கேட்டிருந்தால், எந்த நூலிலும் இல்லாத ஒரு செய்தி கிடைத்திருக்கலாம். நம்மவர் வரலாற்றில் எழுதப்படாத பக்கங்கள் ஏராளம். ஏற்கெனவே எழுதியதையே நம் பிள்ளைகள் மாற்றி மாற்றி நகலெடுத்தால், அந்தப் பக்கங்கள் கடைசிவரை எழுதப்படாமலே போய்விடும்.

இந்தச் சாலையின் பெயரே இதற்கு நல்ல பாடம். ஆங்கிலேயர் காலத்தில் இதற்குப் பிட் ஸ்திரீட் என்று பெயர். பிரிட்டனின் பிரதமராக இருந்த வில்லியம் பிட்டின் பெயர் அது. பள்ளிவாசலை எழுப்பிய கப்பித்தானின் பெயரைச் சாலை பிற்காலத்தில்தான் பெற்றது. உழைத்தவர் பெயரை உரிய இடத்தில் எழுதுவது என்பது அடிக்குறிப்பு எழுதுவதைப் போன்றதுதான்.

தடுக்கும் வழிகள்

வழிகள் எளியவை. பெரும்பாலான திருட்டு, குறிப்பெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஆகவே குறிப்பேட்டில் பிறர் வரியை எழுதும்போதே மேற்கோள் குறியிட்டு, நூல் பெயரையும் பக்க எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். தன் எண்ணத்தை வேறு நிற மையில் எழுதலாம். மூன்று வாரம் கழித்துப் பார்க்கும்போது எது யாருடையது என்ற குழப்பம் வராது.

பிறர் கருத்தைத் தன் சொல்லில் தர வேண்டுமானால், நூலை மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வாயால் சொல்வதுபோல் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு எழுத வேண்டும். அதன் பிறகு நூலைத் திறந்து சரிபார்த்து, ஆசிரியர் பெயரைச் சேர்க்க வேண்டும். நூலைத் திறந்து வைத்துக்கொண்டு சொல் சொல்லாக மாற்றினால், ஒட்டுப்போடுவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது.

எல்லாவற்றுக்கும் சான்று காட்ட வேண்டியதில்லை. பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் கொடியேற்றினார் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. அதன் காரணம் பற்றியோ விளைவு பற்றியோ ஓர் ஆய்வாளர் சொல்லும் கருத்துக்குச் சான்று வேண்டும். ஐயம் வந்தால் காட்டிவிடுவதே நல்லது. கூடுதலாக ஒரு அடிக்குறிப்பு போட்டதற்காக யாரும் பட்டத்தை இழந்ததில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதிரிக் கட்டுரையைக் கொடுக்கும்போதே, அதன் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் 'இது நான் இந்த நூலில் படித்தது' என்று ஒரு வரி எழுதப் பழகட்டும். விரிவுரையாளர்கள் முடிந்த கட்டுரையை மட்டும் வாங்காமல், முதல் வரைவையும் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கலாம். பத்து நிமிடம் உட்கார வைத்து, எழுதியதைப் பற்றிப் பேசச் சொல்லலாம். தான் எழுதியதைப் பேச யாருக்கும் தயக்கம் வராது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கட்டுரையோடு வரும்போது, 'முடித்துவிட்டாயா? எத்தனை மார்க்கு?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இது உனக்கு எங்கே கிடைத்தது?' என்றும் கேளுங்கள். கோபத்தோடு கேட்க வேண்டாம், ஆவலோடு கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளை தயங்காமல் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், பல்கலைக்கழகத்தில் எந்த மென்பொருளுக்கும் அது அஞ்ச வேண்டியதில்லை.